பற்றற்றவர்களுக்கு ஒரு பல்லாண்டு

கல்யாணப் பந்தியில், மூன்றாவது இனிப்பு இலையில் விழும் நேரம் பார்த்து, "இப்பல்லாம் எல்லாருமே மெட்டீரியலிஸ்டிக் ஆயிட்டாங்க சார், மனுஷனுக்கு மதிப்பே இல்ல" என்று பெருமூச்சு விடும் பெரியவர்களை இதுவரை யாரும் முறையாகப் பாடவில்லை. பரணி பாடினார்கள், பள்ளு பாடினார்கள், மேகத்தையும் கிளியையும் தூது விட்டார்கள். பற்றற்ற இந்தப் பெருமக்களுக்கு மட்டும் ஒரு பதிகம்கூடக் கிடையாது. அந்தக் குறையை உரைநடையிலாவது தீர்த்துவைக்க எண்ணம். பொருள்முதல்வாதம் என்று கேட்ட மாத்திரத்தில் முகம் சுளிக்கும் சான்றோர் அனைவரும், மடியில் இருப்பதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இந்தப் புகழுரையை ஏற்றருள வேண்டும்.

உங்கள் திறமைகளில் தலையாயது கணக்கு எழுதும் திறமை. உலகில் ஒரு கூட்டம் இருந்தது. இருப்பதெல்லாம் பருப்பொருள்தான், அது சேரும் விதத்தில் உயிரும் அறிவும் பிறக்கின்றன, உடம்பு போனால் அவையும் போகும், ஆகவே காணாததைச் சொல்கிறவனிடம் சான்று கேள் என்று அந்தக் கூட்டம் சொன்னது. இன்னொரு கூட்டமும் உண்டு. வீட்டில் இருப்பது போதாது, பக்கத்து வீட்டில் இருப்பதைவிட ஓர் அங்குலம் பெரிதாக வேண்டும் என்பது அதன் கொள்கை. உலகம் எதனால் ஆனது என்று அது ஒருநாளும் கேட்டதில்லை, எத்தனை தவணை என்று மட்டும் கேட்கும். இரண்டு கூட்டத்துக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. இந்தப் பின்னவர்களின் பற்றையெல்லாம் அந்த முன்னவர்களின் பேரேட்டில் பற்றெழுதி, தணிக்கையில் ஒருநாளும் அகப்படாமல் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஓட்டிவந்தீர்களே, எந்த ஆடிட்டருக்கு வரும் அந்தக் கை?

1992இல் அமெரிக்காவில் மார்ஷா ரிச்சின்ஸ், ஸ்காட் டாசன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒருவருக்கு எவ்வளவு பொருட்பற்று இருக்கிறது என்று அளக்கப் பதினெட்டுக் கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றைச் செய்தார்கள். பெரிய வீடும் காரும் வைத்திருப்பவரைக் கண்டு வியக்கிறீர்களா, இன்னும் சில சாமான் இருந்தால் மகிழ்ச்சியாக இருப்பீர்களா என்ற போக்கில் போகும் அது. ஆன்மா உண்டா, மறுபிறவி உண்டா என்று அந்தப் பதினெட்டில் ஓரிடத்திலும் இல்லை. பாவம், கேட்கத் தெரியவில்லை. நம் பெரியவர்களைக் கலந்திருந்தால் அந்த ஒரே கேள்வியோடு ஆளைப் பிடித்துக் கொடுத்திருப்பார்கள்.

அஜித கேசகம்பளியை நீங்கள் கையாண்ட நேர்த்தியைப் பாருங்கள். புத்தர் காலத்தவர். மகத மன்னன் அஜாதசத்ரு அவரிடம் கேட்டறிந்ததைப் புத்தரிடம் சொல்வதாகத் தீக நிகாயத்தில் வருகிறது. மனிதன் நான்கு பூதங்களின் சேர்க்கை, செத்தால் மண் மண்ணோடும் நீர் நீரோடும் போய்ச் சேரும், தானத்துக்குப் பலன் உண்டு என்பது பேதைகள் பேச்சு என்பது அவர் கட்சி. கேசகம்பளம் என்றால் மயிரால் நெய்த போர்வை. அந்தப் போர்வையை நெய்த துணிகளிலேயே கடைப்பட்டது என்று அங்குத்தர நிகாயம் சொல்கிறது. குளிரில் குளிரும், வெயிலில் சுடும், பார்க்கவும் சகிக்காது, நாற்றம் வேறு. நாட்டின் பழைய பொருள்முதல்வாதிகளில் ஒருவருக்கு வரலாறு விட்டுவைத்த உடைமை அது ஒன்றுதான். அவர் வழிவந்தவர்களைப் போகிகள் என்று பட்டுச் சால்வை போர்த்திய சபைகளில் தீர்ப்பளிக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

அதைவிடப் பெரிய கொடை, நெய். சார்வாகன் என்றாலே நம் ஊரில் படித்தவர் படிக்காதவர் எல்லாருக்கும் தெரிந்த செய்தி ஒன்றுண்டு: கடன் வாங்கியாவது நெய் குடி என்று சொன்னவன் அவன். பதினான்காம் நூற்றாண்டில் மாதவர் எழுதிய சர்வதரிசன சங்கிரகத்தின் வழியாக இது ஊரெல்லாம் பரவியது. கொல்கத்தா அறிஞர் ராமகிருஷ்ண பட்டாச்சார்யா பழைய நூல்களைப் புரட்டிப் பார்த்து, அந்தச் சுலோகத்தின் பழைய வடிவத்தில் நெய்யும் இல்லை கடனும் இல்லை என்று காட்டினார். உயிருள்ளவரை இன்பமாக இரு, சாவுக்கு எட்டாதது எதுவும் இல்லை என்ற அளவில்தான் அது நின்றிருந்தது. இடையில் யாரோ ஒரு புண்ணியவான் எதிராளியின் வாயில் நெய்யை ஊற்றியிருக்கிறார். எதிராளி பட்டினி கிடக்கக் கூடாது என்ற அந்த மனம் யாருக்கு வரும்?

அதோடு விட்டீர்களா? சார்வாகன் சொல்லாத அந்த உபதேசத்தைத் தலைமேல் தாங்கி நடத்திக் காட்டுகிறவர்களும் நீங்களே. அட்சய திருதியைக்கு முன்தினமே கடை வாசலில் வரிசை. ஒரு காலத்தில் தானம் கொடுத்தால் குறையாது என்று சொல்லப்பட்ட அந்த நாள், வாங்கினால் குறையாது என்று திருத்தம் பெற்றுச் சில பத்தாண்டுகள் ஆகின்றன. திருத்தத்தை நகைக்கடை விளம்பரங்கள் முன்மொழிந்தன, பக்தர்கள் வழிமொழிந்தார்கள். கையில் காசில்லாதவர் கிரெடிட் கார்டில் வாங்குகிறார். வாங்கிய சங்கிலி ஆடியில் அடகுக்கடைக்குப் போகிறது, அந்த நகைக்கடன் பணத்தில் இன்னொரு தவணை கட்டப்படுகிறது. இந்திய வீடுகளில் இருக்கும் தங்கம் 25,000 டன் அளவில் இருக்கும் என்று உலகத் தங்கக் கவுன்சில் மதிப்பிட்டது. மாயை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை இத்தனை டன் சேர்த்து, லாக்கரில் பூட்டி, சாவியை சாமி படத்துக்குப் பின்னால் வைக்கும் நாடு வேறெங்காவது உண்டா? மாயையைக் கண்காணிப்பில் வைத்திருக்கிறோம் என்று கொள்ள வேண்டும்.

எதிராளியின் நூல்களைப் பேணிய விதத்தையும் சொல்லாமல் விட்டால் நன்றி கொன்றவன் ஆவேன். சார்வாகர்களுடையதாகப் பிருகஸ்பதி சூத்திரம் என்று பேர் சொல்லப்படும் நூல் முழுதாக நம் கைக்கு வரவில்லை. லோகாயதர்கள் என்றும் பேர்பெற்ற அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது பெரும்பாலும் அவர்களை மறுத்தவர்கள் எடுத்துக்காட்டிய துண்டுகளிலிருந்தே தெரிகிறது. வழக்கில் வாதியே பிரதிவாதிக்கும் வக்கீலாக இருந்து, இரண்டு பக்கமும் பேசி, தீர்ப்பும் எழுதி, கட்டணமும் வாங்காமல் போன பெருந்தன்மை அது. ஜயராசி பட்டர் என்பவரின் தத்துவோபப்லவசிம்மம் ஒன்று மட்டும் எப்படியோ உங்கள் பராமரிப்புக்குத் தப்பிவிட்டது. 1926இல் குஜராத்தின் பாட்டன் நகரில் அதன் ஓலை அகப்பட்டு, 1940இல் பரோடாவிலிருந்து அச்சில் வந்தது. அதைப் படித்தால் நெய்யைக் காணோம். கண்ணால் காண்பதையே எப்படி நம்புவது என்று பக்கம் பக்கமாகக் குடைகிறார் மனிதர். அவரை லோகாயதர் என்று சொல்லலாமா கூடாதா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

தமிழ்ப் பெரியோர் இன்னும் ஒருபடி மேல். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பரபக்கத்தில் உலகாயதனுக்குத்தான் முதல் இருக்கை போட்டார். முதல் அடி வாங்குகிறவனுக்கு முன்வரிசை கொடுப்பதே முறை. நீலகேசியில் பூதவாதிக்குக் கடைசிச் சருக்கம். மணிமேகலையில், வஞ்சி மாநகரில் சமயக்கணக்கர்கள் ஒவ்வொருவராகத் தத்தம் கொள்கையைச் சொல்லி முடித்தபின் பூதவாதி வருகிறான். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் பிறவற்றோடு கூட்டினால் எதிலும் தனியாக இல்லாத வெறி எப்படிப் பிறக்கிறதோ, அப்படியே பூதங்கள் கூடுவதில் உணர்வு பிறக்கிறது என்கிறான். முற்பிறப்பை அறிந்த மணிமேகலை அதைக் கேட்டுச் சிரிக்கிறாள். தெய்வம் மயக்கியோ கனாக் கண்டோ வந்த நினைப்பாக இருக்கும் அம்மா என்ற பொருளில் அவன் பதில் சொல்கிறான். உன் தாய் தந்தை இவர்தான் என்பதை நீ அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய் என்று அவள் மடக்குகிறாள். நல்ல கேள்வி. மரபணுச் சோதனை என்று ஒன்று வரும்வரை காத்திருக்கும் வசதி பூதவாதிக்கு இல்லை. மறுமொழி சொல்ல நூலாசிரியர் சாத்தனார் அவனுக்கு ஓரடிகூட ஒதுக்கவில்லை.

இந்தத் தாதகிப் பூவைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. தசமூலாரிஷ்டம் முதலான அரிஷ்டங்களைப் புளிக்கவைக்க இன்றும் அதைத்தான் வெல்லத்தோடு சேர்க்கிறார்கள். ஆன்மா உடம்பிலிருந்து வேறு என்று மாலையில் இரண்டு மணி நேரம் சொற்பொழிவு கேட்டுவிட்டு, இரவு சாப்பாட்டுக்குப்பின் இரண்டு மூடி அரிஷ்டம் குடித்து, மனசு லேசாக இருக்கிறது என்று சொல்லிப் படுக்கும் அன்பர்களே, பூதவாதியின் சான்றைப் பாட்டிலில் ஊற்றி அளந்து குடிக்கும் உங்கள் பரந்த மனப்பான்மைக்கு ஈடு ஏது! தலைசுற்றல் வந்தால் எம்.ஆர்.ஐ., தூக்கம் வராவிட்டால் மாத்திரை. நரம்பு மருத்துவரின் வாசலில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கும்போது ஒருவர்கூட லோகாயத கண்டனம் செய்து நான் கண்டதில்லை. அங்கே மட்டும் மூளையும் மனமும் ஒன்றுதான்.

வெளிநாட்டிலும் உங்கள் கிளைகள் சிறப்பாகவே இயங்கின. ஏதென்ஸில் தோட்டம் ஒன்றில் நண்பர்களோடு வாழ்ந்த எபிகூரஸ், அணுக்களும் வெற்றிடமுமே உலகம் என்று சொன்னவர். அவருடைய சாப்பாடு ரொட்டியும் தண்ணீரும். ஒரு சின்னப் பானை பாலாடைக்கட்டி அனுப்பு, வேண்டும்போது விருந்து கொண்டாடிக்கொள்கிறேன் என்று நண்பருக்கு எழுதினார். அவர் பெயரை இன்று பெரிய ஓட்டல்களின் விருந்துப் பட்டியலில் பொறித்து மரியாதை செய்திருக்கிறார்கள். அவரையும் டெமாக்ரிட்டஸையும் ஒப்பிட்டு 1841இல் முனைவர் பட்டம் வாங்கிய கார்ல் மார்க்ஸ், 1852இல் லண்டனிலிருந்து எங்கெல்சுக்கு எழுதிய கடிதத்தில், மேல்கோட்டு அடகில் இருப்பதால் வெளியே போக முடியவில்லை என்று சொல்கிறார். பொருளே முதல் என்றவரிடம் மாட்டிக்கொண்டு போகக் கோட்டு இல்லை. பதினைந்து ஆண்டு கழித்து அவர் 'மூலதனம்' வெளியிட்டு, சந்தைக்கு வந்த பண்டம் தானே உயிர் பெற்றதுபோல் மனிதர்களை ஆட்டிவைக்கும் விந்தையை விளக்க, மதத்தில்தான் உவமை தேட வேண்டியிருக்கிறது என்று எழுதினார். அவர் வெறும் உவமையாகச் சொன்னதை நீங்கள் ஷோரூம் வாசலில் நிஜமாக்கிவிட்டீர்கள். புதுக் காருக்குச் சந்தனம், குங்குமம், மாலை, கற்பூரம், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். கூட வந்த தாத்தாவுக்கு ஒரு நாற்காலி போடத்தான் யாருக்கும் நினைவில்லை.

நடுநிலை தவறியவன் என்ற பேர் எனக்கு வேண்டாம். மனிதனே ஓர் எந்திரம் என்று 1747இல் எழுதிய லா மெத்ரி, பெர்லினில் ஒரு விருந்துக்குப்பின் நோயுற்று 1751இல் இறந்தார். அதிகமாகத் தின்றே செத்தார் என்று எதிரிகள் அடைந்த ஆனந்தத்துக்கு அளவில்லை. எங்கெல்சோ, உங்கள் மகிழ்ச்சி எது என்று மார்க்ஸின் மகள் கேட்டதற்கு 1848ஆம் ஆண்டுத் திராட்சை மது ஒன்றின் பெயரைச் சொன்னார். சரி, இரண்டு பேர் கிடைத்தார்கள். பிடித்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் இந்தமாதிரி ஆள் தேடுவதும் சிரமம்தான். சென்னையில் 1880களில் இலௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' என்று பத்திரிகை நடத்தினார்கள். கடவுளையும் சாதியையும் கேள்வி கேட்டு எழுதியதில் அவர்களில் ஒருவர் மாடி வீடு கட்டியதாகச் செய்தியில்லை. 1923இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் சேர்த்தது புத்தகங்கள். அவற்றைக் குடிக்கவும் முடியாது, கழுத்தில் போடவும் முடியாது. ஜீவானந்தம் தாம்பரத்தில் குடிசையில் இருந்தார். பொருள், பொருள் என்று ஆயுள் முழுதும் பேசியவர்கள் அதில் கைப்பிடிகூடச் சேர்க்காமல் போனதைப் பார்த்தால், அவர்களுக்கு அந்தத் தத்துவம் சரியாகப் புரியவில்லையோ என்று சந்தேகம் வருகிறது. உங்களுக்குப் புரிந்திருக்கிறது.

எவ்வளவு புரிந்திருக்கிறது என்பதைப் பெண் பார்க்கும் கூடத்தில் காணலாம். பஜ்ஜி, சொஜ்ஜி முடிந்து காப்பி வந்ததும் மாப்பிள்ளையின் தகப்பனார் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார். "எங்களுக்கு எதுவும் வேண்டாம் சம்பந்தி. பகவான் நிறையக் கொடுத்திருக்கார். உங்க பொண்ணுக்கு நீங்க என்ன செய்யணும்னு நெனைக்கிறீங்களோ அதைச் செய்யுங்க." உபநிடத ரிஷிகள் காட்டுக்குப் போய்த்தான் பற்றை விட்டார்கள். இவர் ஒற்றை சோபாவில் உட்கார்ந்தபடியே விட்டார். எதுவும் வேண்டாம் என்ற வாக்கியத்துக்கு அந்தக் கூடத்தில் யாருக்கும் அகராதி தேவைப்படுவதில்லை. பெண்ணின் தகப்பனார் அதை உடனே சவரனாகவும் கிராமாகவும் மனத்துக்குள் மாற்றத் தொடங்கிவிடுகிறார். மாமியார் மட்டும் மெல்லிய குரலில், "எங்க பெரிய மருமக எழுபது சவரனோட வந்தா, அதுக்காக நாங்க அவளைத் தனியா ஒண்ணும் கொண்டாடல" என்று ஒரு தகவல் சொல்லுவார். தகவல்தான், கோரிக்கை அல்ல. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கேட்டால்தானே குற்றம்? கேட்காமலே பெறும் இந்த ஞானநிலையை எந்தச் சட்டம் தொடும்! மண்டபம், நூறு பட்டுப்புடவை, வெள்ளிக் குத்துவிளக்கு, கட்டில், பீரோ, மாப்பிள்ளைக்கு வண்டி எல்லாம் அவரவர் விருப்பத்தால் தாமாகவே வந்து சேர்கின்றன. பூதங்கள் தாமாகக் கூடி உயிர் பிறக்கும் என்ற பூதவாதியை எள்ளி நகையாடும் குடும்பத்தில், பீரோ மட்டும் தானாகப் பிறக்கிறது.

பற்றின்மையைத் தாம் மட்டும் அனுபவிக்காமல் பிறருக்கும் வழங்குவது உங்கள் தனிக்குணம். அதிலும் யாருக்கு வழங்குவது என்று தேர்ந்து வழங்குகிறீர்கள். வீட்டு வேலை செய்யும் அம்மாள் ஐந்நூறு ரூபாய் கூட்டிக் கேட்டால், "பணத்துல என்னம்மா இருக்கு, மனசுதான் முக்கியம்" என்று அவருக்குப் பரமார்த்த உபதேசம். ஊதிய உயர்வு கேட்ட ஊழியருக்கு ஆண்டு விழாவில் கீதைச் சாரம் பொறித்த சட்டம், பணியை மட்டும் செய் என்ற பக்கம் வெளியே தெரியும்படி. பண்ணையில் கூலி கேட்டவனிடம் முற்பிறவிக் கணக்கைக் காட்டிய முன்னோர் வழியை நகரத்தில் இன்றும் இடைவிடாமல் காத்து வருகிறீர்கள். அந்தக் கணக்குப் புத்தகம் எங்கே, காட்டு என்று கேட்டதுதான் லோகாயதர் செய்த பிழை. அவர்கள்மேல் உங்களுக்குள்ள கோபத்தின் வயது அந்தக் கேள்வியின் வயதுதான்.

இறைவனிடமும் நீங்கள் பொருளைக் கொண்டுபோய்ப் பொருளைக் கேட்பதில்லை. திருமலையில் உண்டியலில் ஆண்டுக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் விழுகிறது. அதெல்லாம் மோட்சம் வேண்டிப் போட்டதாகத்தான் இருக்கும். அமெரிக்க விசாவும் பையனுக்கு மருத்துவ சீட்டும் மோட்சத்தின் வழியில் வரும் சிறு நிறுத்தங்கள். முந்நூறு ரூபாய்க்குச் சிறப்பு தரிசனச் சீட்டு, இலவச வரிசையில் நிற்பவரின் பொறுமையை வளர்க்க ஏற்பட்ட ஏற்பாடு.

இம்மையோடு உங்கள் துறவு முடிந்துவிடவில்லை என்பதே என்னை மிகவும் நெகிழவைக்கிறது. செத்தபின் ஒன்றும் இல்லை என்ற நாத்திகன் ஒன்றும் கொண்டுபோகாமல் போகிறான். ஒரு பை இல்லை, பெட்டி இல்லை. இங்கே படைக்கும் சோறு மேலே போனவர் வயிற்றை நிரப்பும் என்றால், வழிப்பயணம் போகிறவனுக்கு எதற்குக் கட்டுச்சோறு, வீட்டிலேயே அவன் பேரைச் சொல்லிப் படைத்துவிடலாமே என்று சார்வாகர்கள் கேட்டதாக மாதவர் எழுதுகிறார். நீங்கள் அதற்கெல்லாம் அசருகிறவர்களா? காரியத்தன்று புரோகிதர் முன்னால் வரிசையாக வைக்கிறீர்கள்: குடை, செருப்பு, விசிறி, செம்பு, வேட்டி, பசு அல்லது பசுவுக்கு ஈடான தொகை, படுத்துக்கொள்ளக் கட்டிலும் மெத்தையும். உடம்பைப் பழைய சட்டை மாதிரி கழற்றி எறிந்துவிட்டுப் போன ஆன்மாவுக்குக் கால் சுடாமல் இருக்கச் செருப்பு. சிங்கப்பூர், மலேசியச் சீனர்கள் இந்த வித்தையில் நம்மைத் தாண்டி, பேய்த் திங்களில் காகிதத்தில் செய்த செல்பேசியும் காரும் வீடும் கொளுத்தி அனுப்புகிறார்கள். மறுவுலகத்திலும் பக்கத்து வீட்டுக்காரனிடம் பெரிதாக ஒன்று இருந்துவிட்டால் அப்பா தலைகுனிய வேண்டியிருக்குமே.

அப்பாவுக்கு உயிரோடிருந்தபோது முதுகுவலி இருந்தது. பஞ்சு மெத்தை ஒன்று கேட்டிருந்தார்.